பதினோரு மாதங்களில் மூன்று ஆல்பங்கள்: டீப் பர்ப்பிளின் தொடக்ககாலத் தட்டுகள்

இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் குழு 1968 மே மாதத்துக்கும் 1969 மார்ச் மாதத்துக்கும் இடையில் பதிவு செய்த முதல் மூன்று ஆல்பங்களும் 2000ஆம் ஆண்டில் ஒலி சீரமைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து கூடுதல் பதிவுகள் சேர்க்கப்பட்டு, சிடிகளாக மீண்டும் வெளிவந்தன. 'ஷேட்ஸ் ஆஃப் டீப் பர்ப்பிள்', 'தி புக் ஆஃப் டாலியெசின்', குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'டீப் பர்ப்பிள்' ஆகிய இந்த மூன்று தட்டுகளையும் ஆறு மாதங்களாகப் பெரம்பூரில் என் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். இந்தக் குழுவை 1970க்குப் பிந்தைய பாடல்களின் வழியாக மட்டுமே அறிந்தவர்கள் நம் ஊரில் அதிகம். கிட்டார் வகுப்பில் சேரும் பிள்ளை முதல் சில வாரங்களிலேயே 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலின் தொடக்கத்தை வாசித்துப் பார்த்துவிடுகிறது. ஆனால் அதே குழுவின் முதல் மூன்று ஆல்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அதெல்லாம் குழு செட் ஆவதற்கு முந்தைய கதை என்று பழகிய ரசிகர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பெரிய தவறு என்பதும், அவசரத்திலும் குழப்பத்திலும் பிறந்த இந்தப் பதிவுகளில்தான் ஒரு குழு தன்னைத் தேடுவதை நாம் நேரடியாகக் கேட்க முடிகிறது என்பதும் இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

தட்டுகள் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம், பழைய சிடிகளை இன்னும் விற்றுக்கொண்டிருக்கும் சிறிய கடை ஒன்றில் மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. கேட்ட விலை நியாயமானதுதான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது இரண்டாவது தட்டின் கடைசிப் பகுதி கீறல் காரணமாகத் தடுக்கியது. திரும்பக் கொண்டுபோனபோது மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். பிறகு அந்த ஒரு தட்டை வேறு இடத்தில் தேடி வாங்க வேண்டியதாயிற்று. பழைய சிடி வாங்குபவர்கள் கடையிலேயே தட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குவது நல்லது. குறிப்பாக வெளிவிளிம்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிடியின் இறுதிப் பாடல்கள் அங்கேதான் இருக்கும்.

இந்த ஆல்பங்களை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஆங்கிலோ-இந்திய அங்கிள் ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் நடன மாலைகளில், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கிட்டார் வாசித்தவர். முதல் தட்டை அவர் முன்னிலையில் போட்டபோது நான் கிட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தி, "மேல இருக்கறத எல்லாரும் கேப்பாங்க. நீ கீழ இருக்கறதக் கேளு, மேன்" என்றார். அன்றிலிருந்து நான் இந்தத் தட்டுகளை, குழுவில் அப்போது பேஸ் வாசித்த நிக் சிம்பரிடமிருந்து மேல்நோக்கிக் கேட்கத் தொடங்கினேன். என் கருத்து மாறியதற்கு அதுவே காரணம்.

குழு உருவான கதை தொடக்கம் முதலே நிலையற்றது. 'தி சர்ச்சர்ஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்டிஸ் என்பவர் 1967ஆம் ஆண்டின் இறுதியில் டோனி எட்வர்ட்ஸ் என்ற லண்டன் வணிகரை அணுகி, இசைக்கலைஞர்கள் ராட்டினத்தில் ஏறி இறங்குவது போல வந்து போகும் ஒரு குழுவை உருவாக்கலாம் என்றும், அதற்கு 'ரவுண்டபவுட்' என்று பெயர் வைக்கலாம் என்றும் சொன்னார். எட்வர்ட்ஸ் பணம் போட ஒப்புக்கொண்டார். ஆர்கன் வாசிக்க முறையாக மேற்கத்தியச் செவ்விசை பயின்ற ஜான் லார்ட் வந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வரவழைக்கப்பட்டார். ஆனால் யோசனையைக் கொண்டுவந்த கர்டிஸே ராட்டினத்திலிருந்து முதலில் இறங்கிப் போய்விட்டார். முதலில் சேர்ந்த டிரம்ஸ் கலைஞரும் நீடிக்கவில்லை. 'தி மேஸ்' என்ற குழுவில் இருந்த பாடகர் ராட் எவன்ஸ், தன்னோடு அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த இயன் பெய்ஸையும் அழைத்து வந்தார். பெய்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. பேஸ் வாசித்த நிக் சிம்பர் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்புதான் ஒரு கார் விபத்திலிருந்து உயிர் பிழைத்தவர். 1966 அக்டோபரில் நடந்த அந்த விபத்தில் அவருடைய அப்போதைய குழுவின் தலைவர் ஜானி கிட் இறந்துபோனார். ஹார்ட்ஃபோர்டுஷயரில் டீவ்ஸ் ஹால் என்ற பழைய பெரிய வீட்டில் தங்கி ஒத்திகை பார்த்து, ஏப்ரலில் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் சில கச்சேரிகள் செய்துவிட்டு, பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாடலின் தலைப்பைப் பெயராக வைத்துக்கொண்டு இவர்கள் ஊர் திரும்பியபோது, ஐவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த நிலையில், லண்டனில் பை ஸ்டூடியோவில், டெரெக் லாரன்ஸ் தயாரிப்பில், மே 11 முதல் 13 வரை மூன்றே நாட்களில் 'ஷேட்ஸ் ஆஃப் டீப் பர்ப்பிள்' ஆல்பம் பதிவானது. மேடையில் வாசித்துக்கொண்டிருந்ததையே பெரும்பாலும் அப்படியே வாசித்துப் பதிந்துவிட்டார்கள். எட்டுப் பாடல்களில் நான்கு பிறருடையவை. இதைக் குறையாகச் சொல்வது வழக்கம். என் கருத்து வேறு. வடசென்னையில் கானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஊரறிந்த மெட்டை எடுத்துக்கொண்டு அதில் தன் சொல்லை ஏற்றுவது ஒரு கலை என்பதை விளக்க வேண்டியதில்லை. டீப் பர்ப்பிள் அதைத் தலைகீழாகச் செய்கிறது: சொற்கள் ஊரறிந்தவை, அவற்றைச் சுமக்கும் கட்டுமானம் முழுவதும் புதியது. பீட்டில்ஸின் 'ஹெல்ப்' பாடலை இவர்கள் பாதி வேகத்துக்கு இறக்கி, ஆறு நிமிடத்துக்கு நீட்டி, உதவி கேட்கும் குரலை உண்மையிலேயே உதவி தேவைப்படும் ஒருவரின் குரலாக்கிவிடுகிறார்கள். 'ஐம் ஸோ கிளாட்' பாடலுக்கு முன்பு ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஷெஹரஸாட்' இசையிலிருந்து எடுத்த பகுதியை லார்ட் ஆர்கனில் வாசிப்பது, பாட்டுக்கு முன் வரும் ஆலாபனை போல நம் காதுக்கு இயல்பாக இருக்கிறது. 'ஹே ஜோ' பாடலில் ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் மானுவெல் டி ஃபாயாவின் நடன இசைத் துண்டு நுழைகிறது. இங்கே இணைப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது என்பதையும், ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பாடலில் பாதி போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தட்டின் உயிர் 'ஹஷ்' பாடலில்தான் இருக்கிறது. ஜோ சவுத் எழுதிய இந்தப் பாடல் ஓநாய் ஊளையுடன் தொடங்கி, உடனே பெய்ஸின் தாளத்தில் ஏறிவிடுகிறது. லார்டின் ஹம்மண்ட் ஆர்கன் ஒலியை, கேட்டிராத ஒருவருக்குச் சொல்வதென்றால், சிறு வயதில் டேபிள் ஃபேன் முன் உட்கார்ந்து 'ஆ' என்று கத்தி, குரல் நடுங்கி உடைந்து திரும்புவதைக் கேட்டு ரசித்தோமே, அந்த நடுக்கத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஹம்மண்டோடு இணைக்கப்படும் லெஸ்லி ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒலி வரும் குழல் உண்மையாகவே சுழல்கிறது. வேகம் கூடும்போது நடுக்கமும் கூடுகிறது. 'ஹஷ்' பாடலின் நடுவில் ஆர்கன் தனித்து வரும் இடத்தில், இடது காதில் மெல்ல ஆரம்பித்துச் சூடேறும் அந்த ஒலியை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். அதே நேரத்தில் கீழே சிம்பர் என்ன செய்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்: ஆர்கன் எவ்வளவு தூரம் ஓடினாலும் அவர் நான்கைந்து சுரங்களை விட்டு நகர்வதில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசிச் சுரத்தை இம்மியளவு முன்தள்ளி அடுத்த சுற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகிறார். ஆடுவதற்காக வாசித்துப் பழகியவரின் கை அது. இந்தப் பாடல் அமெரிக்காவில் தரவரிசைப் பட்டியலில் 4ஆவது இடம் வரை சென்றது. சொந்த நாட்டில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. குழுவின் அடுத்த ஓராண்டுத் துன்பங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஏற்றத்தாழ்வே வேர்.

அமெரிக்காவில் இவர்களை வெளியிட்டது டெட்ராகிராமட்டான் என்ற புதிய நிறுவனம். ஒரு பாடல் ஓடியதும், இலையுதிர்காலத்தில் அமெரிக்கப் பயணம் இருக்கிறது, அதற்குள் அடுத்த ஆல்பம் வேண்டும் என்றார்கள். முதல் ஆல்பம் இங்கிலாந்துக் கடைகளுக்கே இன்னும் வராத ஆகஸ்ட் மாதத்தில், டி லேன் லீ ஸ்டூடியோவில் இரண்டாவது ஆல்பத்தின் வேலை தொடங்கிவிட்டது. வேல்ஸ் நாட்டின் பழங்காலக் கவிதைச் சுவடி ஒன்றின் பெயரை எடுத்து வைத்து, ஜான் வெர்னன் லார்ட் என்ற ஓவியரிடம் கோட்டோவிய அட்டைப்படம் வரைவித்து, 'தி புக் ஆஃப் டாலியெசின்' அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் வெளிவந்தது. இங்கிலாந்து ரசிகர்கள் அதற்கு 1969 வரை காத்திருக்க நேர்ந்தது. அட்டைப்படத்தை சிடி அளவில் பார்ப்பது நியாயமே அல்ல. கோட்டைகளும் பறவைகளும் மனிதர்களும் பின்னிக் கிடக்கும் அந்தப் படத்தில் பாதி விவரம் இந்தச் சின்னப் புத்தகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

இசையைப் பொறுத்தவரை, இந்த இரண்டாவது தட்டு மூன்றிலும் மேடுபள்ளம் மிகுந்தது. பீத்தோவனின் ஏழாவது சிம்ஃபொனியிலிருந்தும் சைகோவ்ஸ்கியின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' இசையிலிருந்தும் துண்டுகளை எடுத்துக் கோத்து, அதன் வாலில் பீட்டில்ஸின் இன்னொரு பாடலை ஒட்டவைத்திருக்கும் பகுதி, முதல் ஆல்பத்தில் வெற்றி கண்ட வழியை யோசிக்க நேரமின்றி மறுபடி நடந்து பார்த்ததன் விளைவு. பத்து நிமிடம் ஓடும் 'ரிவர் டீப், மவுண்டன் ஹை' பாடலும் அதே வகைதான். பாடல் தொடங்குவதற்குள் பொறுமை போய்விடுகிறது. நீல் டயமண்டின் 'கென்டக்கி வுமன்' சுறுசுறுப்பாக இருக்கிறது. பெய்ஸின் கைவரிசைக்காக மட்டுமே மறுபடி கேட்கிறேன். அது அமெரிக்காவில் 38ஆவது இடத்தோடு நின்றுவிட்டது.

இவற்றின் நடுவே 'ரிங் தட் நெக்' என்ற வாய்ப்பாட்டில்லாத இசைத் துண்டு இருக்கிறது. தலைப்பில் உள்ள கழுத்து கிட்டாரின் கழுத்து; அதைத் திருகுவது போல வாசிப்பதைக் குறிக்கிறது. அமெரிக்க நிறுவனம் இந்தத் தலைப்பு வன்முறையாகத் தொனிக்கிறது என்று அஞ்சி 'ஹார்ட் ரோட்' என்று மாற்றி வெளியிட்டது. பிளாக்மோர், லார்ட், சிம்பர், பெய்ஸ் ஆகிய நால்வரின் பெயரும் இதன் ஆக்கத்தில் இருக்கிறது. ஆர்கனும் கிட்டாரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசித்துவிட்டுப் பிரிந்து, ஒருவர் சொன்ன சங்கதிக்கு மற்றவர் பதில் சொல்லி, ஒரு கட்டத்தில் எல்லோரும் நின்றுவிட, பிளாக்மோர் துணையே இல்லாமல் சில நொடிகள் தனியாக வாசிக்கிறார். அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்தது பின்னாளில் புகழ்பெற்ற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அல்ல, கிப்ஸன் இஎஸ்-335. அந்தப் பாதி உள்ளீடற்ற மர உடலின் கனமான, சற்றே மூக்கடைத்த ஒலியில் அவர் விரல் வேகம் தெளிவாகக் கேட்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகமே வியக்கப்போகும் அத்தனையும் இந்த ஐந்து நிமிடங்களில் முளைவிட்டு நிற்கிறது. சிம்பரும் எவன்ஸும் போன பிறகும் இந்தத் துண்டு குழுவின் மேடையை விட்டுப் போகவில்லை. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மால்கம் ஆர்னால்ட் நடத்த, ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்த புகழ்பெற்ற இரவிலும், தனியாக வாசித்த முதல் பகுதியில் 'ஹஷ்' பாடலும் 'ரிங் தட் நெக்' துண்டும் இடம்பெற்றன. முதல் ஆல்பத்தின் 'மான்ட்ரேக் ரூட்' பாடலும் அதேபோல மேடையில் நீண்ட மனோதர்ம வாசிப்புக்குக் களமாக ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இந்த மூன்று ஆல்பங்களையும் முதிராத பருவம் என்று தள்ளுபவர்கள், புதிய குழு மேடையேறும்போது பழைய குழுவின் சோற்றைத்தான் உண்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'ஆந்தம்' என்ற பாடலைப் பற்றியும் ஒரு சொல். தந்தி வாத்தியங்கள் நுழையும் அதன் நடுப்பகுதியில் லார்ட் தன் செவ்விசைக் கல்வியை முதன்முறையாகப் பிறர் இசையிலிருந்து கடன் வாங்காமல் சொந்தமாக எழுதிக் காட்டுகிறார். எவன்ஸின் குரல் இங்கே மிகவும் பொருந்தி ஒலிக்கிறது. தாழ்ந்த, மென்மையான, அவசரமில்லாத குரல் அது. சோகப் பாடலில் அது கரைகிறது, உரத்த பாடலில் மேலே ஏற மறுக்கிறது.

அமெரிக்கப் பயணம் 1968 அக்டோபரில் தொடங்கியது. பிரியப்போகும் 'கிரீம்' குழுவின் இறுதிப் பயணத்தில் அவர்களுக்கு முன்பாகத் தொடக்கக் கச்சேரி செய்யும் வாய்ப்பு கிடைத்து, லாஸ் ஏஞ்சலஸில் பெரிய அரங்கில் வாசித்தார்கள்; சில கச்சேரிகளிலேயே அந்தப் பயணத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். பிறகு டிசம்பர் வரை ஊர் ஊராக வாசித்துத் திரும்பினார்கள். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கானோர் முன் வாசித்தவர்கள் சொந்த ஊரில் சின்ன மன்றங்களில் வாசிக்க வேண்டியிருந்தது. முதல் சிடியின் கடைசிக் கூடுதல் பதிவு, அந்தப் பயணத்தின்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரடியாக வாசித்த 'ஹஷ்'. ஒலித்தரம் சுமார்தான். ஆயினும் ஸ்டூடியோவில் ஐந்து மாதங்களுக்கு முன் வாசித்ததைவிட எவ்வளவு இறுகிவிட்டார்கள் என்பதை அறிய இந்த ஒரு பதிவுக்காகவே முதல் தட்டை வாங்கலாம்.

மூன்றாவது ஆல்பமான 'டீப் பர்ப்பிள்' 1969 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த நாட்களில் பதிவானது. மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் இதையே எடுத்துக் கொடுப்பேன். பிறர் பாடல் ஒன்றே ஒன்றுதான், டானவன் எழுதிய 'லலேனா'. மற்றவை எல்லாம் சொந்தப் பாடல்கள். அட்டையில் ஓவியர் ஹிரோனிமஸ் பாஷின் புகழ்பெற்ற முப்பலகை ஓவியத்திலிருந்து நரகக் காட்சியை எடுத்து, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, அதற்குள் ஐவரின் படத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். இசைக்கருவிகளே மனிதர்களை வதைக்கும் நரகம் அது. அந்த ஆண்டில் இந்தக் குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது என்றே தோன்றுகிறது.

முதல் பாடல் 'சேஸிங் ஷேடோஸ்' முழுக்க முழுக்கத் தாளத்தின் மேல் கட்டியது. பெய்ஸ் டிரம்ஸோடு கைத்தாளக் கருவிகளையும் அடுக்கி வைத்து வாசிக்க, மற்றவர்கள் அதன் இடைவெளிகளில் மட்டும் கால் வைத்து நடக்கிறார்கள். பறையும் டோலக்கும் கேட்டுப் பழகிய நம் பகுதிக் காதுகளுக்கு இது அந்நியமாகவே இருக்காது. 'பிளைண்ட்' பாடலில் லார்ட் ஆர்கனை விட்டுவிட்டு, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறார். 'ஃபால்ட் லைன்' என்ற சிறு துண்டில் டிரம்ஸ் ஒலி பின்னோக்கி ஓட, அதன் மேல் மெதுவாக ஆர்கன் நெளிந்து, நேராக 'தி பெயிண்டர்' பாடலுக்குள் விழுகிறது. 'பேர்ட் ஹாஸ் ஃப்ளோன்' பாடலில் பிளாக்மோரின் கிட்டார் கரகரத்துக் கீறுகிறது. எவன்ஸ் தன் இயல்பை மீறிக் குரலை முறுக்க முயல்வது கேட்கிறது. குழு எந்தத் திசையில் போக விரும்புகிறது, பாடகரின் குரல் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இந்த ஒரு பாடலில் தெளிவாக அறியலாம்.

'லலேனா' நேர்மாறு. மெல்லிய டிரம்ஸ், தூரத்தில் ஆர்கன், நடுவில் அந்தத் தாழ்ந்த குரல். எவன்ஸைப் பற்றி யாரேனும் குறைத்துப் பேசினால் நான் போட்டுக் காட்டும் பாடல் இதுதான்.

கடைசியில் 'ஏப்ரல்'. பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் இது மூன்று பகுதிகளாக அமைந்தது. முதல் பகுதியில் குழு மட்டும், பாடல் இல்லாமல், கிட்டாரும் ஆர்கனும் ஒரு துயர மெட்டை மெல்ல விரிக்கின்றன. இரண்டாவது பகுதியில் குழு முழுவதுமாக விலகிக்கொள்ள, லார்ட் எழுதிய இசையைக் காற்று வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் மட்டுமே வாசிக்கின்றன. பிறகு ஒரு நொடி அமைதி. அதைப் பிளந்துகொண்டு டிரம்ஸும் பேஸும் மின்கிட்டாரும் ஒன்றாக இறங்க, எவன்ஸ் பாடத் தொடங்குகிறார். முதல் ஆல்பத்தில் செவ்விசை வேறு, ராக் வேறு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டியிருந்தவர்கள், பதினோரு மாதங்களில் இரண்டையும் ஒரே உணர்வின் இரு நிலைகளாக எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஆல்பர்ட் ஹால் இரவுக்கான ஒத்திகை இந்தப் பாடலிலேயே முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை இருப்பதால், இந்தத் தட்டைக் கேட்க இரவு பதினொரு மணிக்கு மேல் உட்காருவேன். நடுப்பகுதி அவ்வளவு மெதுவாக இருக்கிறது, ஒரு கூட்ஸ் வண்டி போனாலும் பாதி காணாமல் போய்விடும்.

இப்படி ஓர் ஆல்பத்தை முடித்த குழு உடனே உடைந்தது. அமெரிக்காவில் 1969 ஜூனில் அது வெளியானபோது டெட்ராகிராமட்டான் பணமின்றித் தள்ளாடிக்கொண்டிருந்தது. விளம்பரம் செய்யவும் வழியில்லை, 1970இல் நிறுவனமே மூழ்கிப்போனது. பிளாக்மோரும் லார்டும் பெய்ஸும் இன்னும் கனமான, உரத்த இசையை நோக்கிச் செல்ல விரும்பினார்கள்; எவன்ஸின் குரல் அதற்கு ஒத்துவராது என்று முடிவெடுத்தார்கள். 'எபிசோட் சிக்ஸ்' குழுவிலிருந்து பாடகர் இயன் கில்லனும் பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் அழைக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று இவர்கள் இருவரையும் வைத்து 'ஹல்லெலூயா' என்ற சிங்கிள் பதிவானது. எவன்ஸும் சிம்பரும் அப்போதும் குழுவில் இருந்தார்கள். புதியவர்களோடு ஒத்திகை ஒரு பக்கம் ரகசியமாக நடக்க, பழைய ஐவரும் கச்சேரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் நடந்ததே அவர்களுடைய கடைசிக் கச்சேரி.

இசைக் காரணங்களுக்காகப் பாடகரை மாற்றியதை நான் குறை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த 'டீப் பர்ப்பிள் இன் ராக்' ஆல்பத்தை எவன்ஸ் பாடியிருக்க முடியாது என்பது காது உள்ள எவருக்கும் தெரியும். ஆனால் செய்த விதம் நெஞ்சை அறுக்கிறது. சிம்பரை ஏன் அனுப்பினார்கள் என்பதற்கு இந்த மூன்று தட்டுகளில் எந்த விடையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆர்கன் வாசிப்பவரும் கிட்டார் வாசிப்பவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடிய ஒரு குழுவில், தரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவரே. பின்னாளில் அவர் 'வார்ஹார்ஸ்' குழுவை அமைத்தார். எவன்ஸ் அமெரிக்காவில் 'கேப்டன் பியாண்ட்' குழுவில் பாடினார். எவன்ஸ் 1980இல் தான் மட்டுமே பழைய உறுப்பினராக இருந்த ஒரு குழுவை டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே மேடையேற்றி, வழக்கில் தோற்றது தனி சோகம். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2016இல் டீப் பர்ப்பிளைச் சேர்த்துக்கொண்டபோது எவன்ஸின் பெயர் பட்டியலில் இருந்தது, சிம்பரின் பெயர் இல்லை. இதை அங்கிளிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

தட்டுகளின் ஒலித்தரம் பற்றி: சீரமைப்பு நேர்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. இக்கால வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் தூக்கிவிடாமல் மெதுவான இடங்களை மெதுவாகவே விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்டீரியோ கலவையில் சில கருவிகள் ஒரே பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். ஹெட்ஃபோனில் முதலில் விசித்திரமாக இருக்கும், பழகிவிடும். பேஸ் ஒலி முதல் தட்டில் மெலிந்தும், மூன்றாவதில் உருண்டு திரண்டும் இருக்கிறது. சின்ன ஒலிபெருக்கியிலோ கைபேசியிலோ கேட்டால் சிம்பர் முற்றிலும் காணாமல் போவார். நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். கூடுதல் பதிவுகளில் சில ஸ்டூடியோவில் ஒதுக்கி வைத்த முயற்சிகள். வரலாற்று ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். வானொலிப் பதிவுகள் அப்படியல்ல, அவை ஆல்பத்துக்கு நிகரானவை.

புதிதாகக் கேட்பவர்கள் வெளிவந்த வரிசையில் தொடங்க வேண்டாம். முதலில் மூன்றாவது தட்டை வாங்குங்கள்; அது பிடித்தால் 'ஹஷ்' பாடலுக்காகவும் 'ஹெல்ப்' பாடலுக்காகவும் முதல் தட்டு; இரண்டாவதைக் கடைசியாக, 'ரிங் தட் நெக்', 'ஆந்தம்' இரண்டுக்காகவும் வாங்கலாம். மூன்றாவது தட்டை வாங்கியவர்கள் 'ஏப்ரல்' முடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. கூடுதல் பதிவுகளின் இறுதியில் 'லலேனா', 'தி பெயிண்டர்' ஆகிய இரண்டும் பிபிசி வானொலிக்காக மீண்டும் பாடப்பட்டிருக்கின்றன. பதிவான நாள் 1969 ஜூன் 24. புதிய பாடகர் 'ஹல்லெலூயா' பாடி முடித்துப் பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. கார்டிஃப் கச்சேரிக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. வானொலி நிலையத்தில் ஐவரும் ஒரே அறையில் நின்று வாசிக்கிறார்கள். எவன்ஸ் ஆல்பத்தில் பாடியதைவிடவும் அமைதியாக 'லலேனா' பாடலைப் பாடுகிறார், அவருக்கு அடியில் சிம்பரின் பேஸ் ஒரு சுரத்தைக்கூட அவசரப்படுத்தாமல் கூடவே நடந்து வருகிறது.